ஈரி ஏரியில் பிக்கரல்: எந்தப் பருவத்தில் எந்த ஆழம், எந்த வேகம்?

எரியோ_போட் கேட்டது:

வணக்கம். ஒன்ராறியோப் பக்கம் ஈரி ஏரியில் பிக்கரல் (அமெரிக்கப் பக்கம் வாலாய் என்று சொல்கிற அதே மீன்) பிடிக்கிற ஆட்களிடம் ஒரு கேள்வி. 18 அடி அலுமினிய போட், ட்ரோலிங்குக்கு (போட்டை மெல்ல ஓட்டி லைனை இழுக்கிறதுக்கு) தனியா 9.9 குதிரைவலு எஞ்சின், சோனார் இருக்கு. போட் இறக்கிறது வடகரையில் எரியோவில், சில நேரம் போர்ட் ஸ்ரான்லியில். இரண்டு பேர், ஆளுக்கு இரண்டு தடி. சாமான் என்று பார்த்தால் புழு ஹார்னஸ் (புழு கொளுவுற இரட்டை முள்), பொட்டம் பவுன்சர் (அதை அடியோடு இழுக்கிற பாரக் கம்பி), ஸ்பூன் (மினுங்கிற உலோகத் தகடு) கொஞ்சம், டிப்சி டைவர் (லைனை ஆழத்துக்கும் பக்கத்துக்கும் கொண்டுபோற தட்டு) இரண்டு, ப்ளேனர் போர்ட் (லைனைப் பக்கத்துக்கு விலக்கிற மிதவை) நாலு, லெட்கோர் (உள்ளே ஈயம் வைத்த பாரமான லைன்) சுற்றின ரீல் இரண்டு.

ஜூன் கடைசியில் 40 அடித் தண்ணியில் ஹார்னஸை அடியோடு இழுத்தால் நல்லாக் கடிக்குது. ஓகஸ்டில் அதே இடம், அதே ஹார்னஸ், மணிக்கு அதே 1.2 மைல் வேகம், ஒன்றுமே இல்லை. வெளியில் 65 அடிக்குப் போனால் சோனாரில் மீன் தெரியுது, ஆனால் அடியில் இழுக்கிற ஹார்னஸை எதுவும் தொடுறதில்லை. அப்போ என்ன மாற்றவேணும்? ஒக்ரோபர், நவம்பரில் என்ன கட்டவேணும்? ஏப்ரலில் மேற்குப் பக்கம் போறது பிரயோசனமா?

---

வடகரை:

தம்பி, ஓகஸ்டில் நீங்கள் ஒட்சிசன் இல்லாத தண்ணிக்குள்ளே புழுவை இழுக்கிறீங்கள். அதுதான் முழுக் காரணம்.

ஈரியை ஒரு ஏரி என்று நினைக்காமல் மூன்று தொட்டி என்று நினையுங்கோ. மேற்குத் தொட்டி சராசரி 7 மீற்றர்தான். நடுத்தொட்டி, அதாவது எரியோ, போர்ட் ஸ்ரான்லிக்கு முன்னால் இருக்கிறது, சராசரி 18 மீற்றர், எங்கே பார்த்தாலும் 25க்கு மேல் போகாது. கிழக்குத் தொட்டி 64 மீற்றர் வரைக்கும் போகும். பிக்கரலில் பெரும்பங்கு ஏப்ரலில் மேற்கில் முட்டை போட்டுவிட்டுக் கிழக்கே நகரும். பெரிய பெட்டை மீன்தான் கூடத் தூரம் போகும். ஜூனில் உங்கள் பக்கம் வந்து சேர்கிறது அந்த மீன்தான்.

கோடையில் மேல்தண்ணி சூடாகி இலேசாகும், அடித்தண்ணி குளிர்ந்து பாரமாக நிற்கும், இரண்டும் கலக்காது. நடுத்தொட்டி ஆழம் குறைவு என்பதால் அந்தக் குளிர்ந்த அடிப்படை சில மீற்றர் தடிப்புத்தான். செத்து விழுகிற பாசி அங்கே அழுகி, இருக்கிற கொஞ்ச ஒட்சிசனையும் தின்றுவிடும். கிழக்குத் தொட்டியில் அடித்தண்ணி நிறைய இருப்பதால் அங்கே இந்தப் பிரச்சினை வராது. ஓகஸ்ட், செப்ரெம்பரில் உங்கள் பக்கம் அடி வெறுமையாகக் கிடப்பதற்கு இதுதான் காரணம். இரைமீனும் பிக்கரலும் அந்தக் குளிர்ப்படைக்கு மேலே தண்ணிக்கு நடுவில் நிற்கும்.

படையை எப்படிக் காண்பது? சோனாரை ஓட்டோவில் விடாதேங்கோ. சென்சிற்றிவிற்றியைக் கையால் கூட்டிக்கொண்டே போனால், அடிக்கு மேலே புகைபோல ஒரு பட்டை விழும். 68 அடித் தண்ணியில் அந்தப் பட்டை 52 அடியில் இருந்தால், உங்கள் லூர் (இரை மாதிரி இழுக்கிற சாமான்) எல்லாம் 38க்கும் 50க்கும் இடையில் ஓடவேணும். பிக்கரல் மேலே பார்த்துத்தான் இரை எடுக்கும். மீன் 46 அடியில் தெரிந்தால் லூர் 40 - 43இல் போகட்டும். 50இல் போனால் அது காணவே காணாது. மேலே போகிறதைப் பிடிக்க ஐந்தாறு அடி ஏறி வரும், கீழே இறங்கி வருவது அருமை.

அடுத்தது வேகம். தண்ணியின் சூடுதான் வேகத்தைத் தீர்மானிக்கும், வேகம்தான் எந்தச் சாமான் என்று தீர்மானிக்கும். நிறம் கடைசி. தண்ணி 20 பாகைக்கு மேல் போனதும் மீன் ஓடிப் பிடிக்கிற நிலையில் இருக்கும். அப்போது 2.0 - 2.5 மைல் வேகத்தில் ஸ்பூன். 1.0 - 1.5க்குத்தான் ஹார்னஸ். ஒரு பக்கம் ஹார்னஸ், மறுபக்கம் ஸ்பூன் என்று கலந்து 1.6இல் ஓடினால் இரண்டுமே சரியாக வேலை செய்யாது. ஸ்பூன் ஆடாமல் தொங்கும், ஹார்னஸ் புழு முறுக்கிக்கொண்டு சுழலும்.

உங்கள் நாலு தடிக்கு ஓகஸ்டில் இப்படி வையுங்கோ:

வெளியில் இரண்டு: ப்ளேனர் போர்ட்டுக்குப் பின்னால் லெட்கோர். லெட்கோரில் 10 யாருக்கு ஒருமுறை நிறம் மாறும், அதுதான் ஒரு கலர். 2 மைல் வேகத்தில் ஒரு கலருக்கு ஏறக்குறைய 5 அடி இறங்கும். ஒரு பக்கம் 8 கலர், மறுபக்கம் 9. முன்னால் 15 - 20 இறாத்தல் ஃப்ளூரோகார்பன் லீடர் (லூருக்கு முன்னால் கட்டுகிற துண்டு லைன்), நுனியில் சின்ன ஸ்பூன். வேகம் கூடினால் ஆழம் குறையும் என்பதை மறக்கவேண்டாம்.

உள்ளே இரண்டு: டிப்சி, பக்கத்துக்கு ஒன்று. அடித்தட்டில் இருக்கிற எண் எவ்வளவு கூடுதோ அவ்வளவு வெளியே விலகும், ஆழம் குறையும். இரண்டையும் 2இல் வைத்து, லைன் கவுண்டரில் ஒன்றை 120 அடியிலும் மற்றதை 140 அடியிலும் விடுங்கோ. விட்ட நீளத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆழம் போகும் என்று வைத்துத் தொடங்கி, எது கடி வாங்குதோ அந்த நீளத்துக்கு மற்றதையும் மாற்றுங்கோ. டிப்சிக்கு 30 இறாத்தல் ப்ரெய்ட் (பின்னல் லைன்)தான் வேணும். சாதாரணத் தங்கூசி இழுபட்டு நீளும், டிப்சி விடுபடாது, அதாவது மீன் பிடித்ததும் தட்டு சரிந்து இழுவையை விடாது. டிப்சிக்குப் பின்னால் லீடர் 6 - 7 அடி. தடியை விட நீளமாகக் கட்டினால் மீனை வலைக்கு எட்டக் கொண்டுவர ஏலாது.

நேர்கோட்டில் மட்டும் ஓடவேண்டாம், மெல்ல வளைந்து வளைந்து போங்கோ. வளைவில் வெளிப்பக்க போர்ட் வேகம் எடுக்கும், லூர் மேலே ஏறும். உள்பக்கம் வேகம் குறைந்து லூர் இறங்கும். வளைவில் எந்தப் பக்கம் கடிக்குது என்று பார்த்தால் வேகத்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று மீனே சொல்லித்தரும்.

காற்றையும் பாருங்கோ. மேற்கு, தென்மேற்குக் காற்று இரண்டு மூன்று நாள் விடாமல் அடித்தால் வடகரை மேல்தண்ணி வெளியே தள்ளுப்பட்டு, அடியில் கிடந்த ஒட்சிசன் குறைந்த குளிர்தண்ணி கரைக்கு ஏறும். 2012 செப்ரெம்பரில் வடகரையில் நீளத்துக்குச் செத்த மீன் ஒதுங்கியது இப்படி அடித்தண்ணி ஏறினதால்தான். கரையோரம் மேல்தண்ணி சூடு திடீரென்று நாலைந்து பாகை குறைந்திருந்தால் அங்கே லூர் போடவே வேண்டாம். சூடு பழையபடி வருகிற இடம் வரைக்கும் வெளியே ஓடுங்கோ, அந்த எல்லையில் தொடங்குங்கோ.

---

எரியோ_போட்:

மிக்க நன்றி அண்ணை. பட்டை எப்பவும் சோனாரில் தெரிஞ்சதுதான். அதை அழுக்கு என்று நினைச்சு சென்சிற்றிவிற்றியைக் குறைச்சு அழிச்சுக்கொண்டிருந்தேன். டிப்சி பற்றி ஒன்று: அலை கூடின நாளில் மீன் இல்லாமலே விடுபடுது. இறுக்கினால் மீன் பிடிச்சாலும் விடுபடாமல் அப்படியே இழுபடுது. நடு அளவு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

---

வடகரை:

போட் ஓடுகிற வேகத்திலேயே சரிபார்க்கவேணும், கரையில் கையால் இழுத்துப் பார்ப்பதில் பிரயோசனம் இல்லை. டிப்சியை 30 அடி மட்டும் விட்டு, தடியைக் கையில் எடுத்து முன்னால் ஒரு வெட்டு வெட்டுங்கோ. ஒரு நல்ல வெட்டுக்கு விடுபடவேணும், சும்மா அலைக்கு விடுபடக்கூடாது. திருகாணியைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பவேண்டாம். 120 அடி வெளியே போனால் ப்ரெய்ட் என்றாலும் கொஞ்சம் வளைவு விழும், அதனால் 30 அடியில் இலேசாக விடுபடுவதுதான் தூரத்தில் சரியாக இருக்கும்.

அலைநாளில் விடுபடுவதற்குத் திருகாணியை விடத் தடிதான் கூடக் காரணம். விறைத்த தடி அலையின் ஒவ்வொரு தூக்கலையும் டிப்சிக்கு அப்படியே கடத்தும். நுனி வளைகிற 9 அடித் தடி அதை வாங்கிக்கொள்ளும். ரீலின் ட்ராக்கையும் (லைனை விட்டுக்கொடுக்கிற பிடி) மீன் பிடித்தால் கத்துகிற அளவுக்கு மட்டும் இறுக்கி வையுங்கோ, ப்ரெய்ட் நீளாது என்பதால் பூட்டிவைத்தால் மீனின் வாய் கிழிந்து போய்விடும்.

12 அங்குலக் குஞ்சு பிடித்தால் டிப்சி விடுபடாது, தடியும் பெரிதாக அசையாது. அரை மணித்தியாலம் ஒரு தடி அமைதியாக இருந்தால் எடுத்துப் பாருங்கோ. குஞ்சு தொங்குகிற ஸ்பூனைப் பெரிய மீன் தொடாது.

---

சாண்டஸ்கி_விரிகுடா:

ஒஹாயோ பக்கத்திலிருந்து. கோடையைப் பற்றி வடகரை அண்ணன் சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. ஏப்ரல், அக்டோபர் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஏப்ரலில் மேற்குத் தொட்டிக்கு வருவது கண்டிப்பாகப் பிரயோஜனம், ஆனால் அது முழுக்க வேறு மீன்பிடிப்பு. தண்ணீர் 6 முதல் 10 டிகிரி செல்சியஸ் வரும்போது நயாகரா ரீஃப், டூசெய்ன்ட் ரீஃப் போன்ற பாறைத்திட்டுகளில் மீன் முட்டையிடும். மவுமீ, சாண்டஸ்கி ஆறுகளுக்குள்ளும் ஏறும். பாறைமேல் நிற்பது பெரும்பாலும் சின்ன ஆண் மீன்கள். பெரிய பெண் மீன்கள் சுற்றியுள்ள சேற்றுத்தரையில் காத்திருந்து, முட்டையிட மட்டும் ஏறி இறங்கும்.

படகைக் காற்றோடு மிதக்கவிட்டு ஜிக் (பாரத்தலை வைத்த முள்) போடுவதுதான் இங்கே முறை. 5/8 அவுன்ஸ் ஹேர் ஜிக் அல்லது 1/2 அவுன்ஸ் பிளேடு (இழுத்தால் அதிரும் உலோகத் தகடு). தரையைத் தொட்டதும் மணிக்கட்டால் ஒரு சுண்டு, ஆறு அங்குலத்திலிருந்து ஓர் அடிக்குள். பிறகு நரம்பைத் தளரவிடாமல், இறுக்கவும் இறுக்காமல், ஜிக்கோடு சேர்ந்து தடியைத் தாழ்த்துங்கள். மீன் கடிப்பது விழும்போதுதான். முழுக்கத் தளரவிட்டால் கடி தெரியாது, அடுத்த சுண்டலில் ஏதோ கனமாக இருப்பதுபோல் மட்டும் தெரியும். உயரமாகத் தூக்கி இழுப்பது இந்தக் குளிரில் வேலை செய்யாது, வயிற்றிலும் வாலிலும் முள் மாட்டும். அப்படி வெளியே மாட்டிய மீனைத் திருப்பி விட்டுவிட வேண்டும்.

இங்கே எதிரி வடகிழக்குக் காற்று. ஒரு நாள் அடித்தாலே மேற்குத் தொட்டி காபி நிறமாகிவிடும், மீன் இருந்தும் கடிக்காது. முழுத் தெளிவான தண்ணீரும் வேண்டாம். பிளேடு இரண்டு மூன்று அடி ஆழம் வரை தெரிந்து மறைகிற பச்சைத் தண்ணீர்தான் தேவை. ரீஃபின் பெயரைப் பார்த்துப் போகாமல், காலையில் செயற்கைக்கோள் படத்தில் சேறு எங்கே முடிகிறது என்று பார்த்து அந்த விளிம்புக்குப் போங்கள்.

ஜூனில் மேஃப்ளை எழும்புகிற வாரங்களில் மேற்குத் தொட்டி மீன் சேற்றிலிருந்து ஏறும் அந்தப் பூச்சியின் குஞ்சுகளைத் தின்று வயிறு முட்ட இருக்கும். பெரிய பிளேடு, பெரிய புழு எல்லாம் அப்போது அதிகப்படி. ஹார்னஸில் 3 அல்லது 4ஆம் எண் கொலராடோ பிளேடு (சுழலும் உருண்டைத் தகடு), பாதிப் புழு, 0.8 - 1.0 மைல், தரையோடு.

அக்டோபர் பாதியில் மேல் கீழ் தண்ணீர் கலந்து முடிந்திருக்கும். ஆக்சிஜன் தடை போய்விட்டதால் மீன் எந்த ஆழத்திலும் இருக்கலாம். கிஸார்ட் ஷாட், எமரால்ட் ஷைனர் என்ற இரைமீன் கூட்டங்களைத் தொடர்ந்து மீன் மெல்ல மேற்கே திரும்பும், ஒஹாயோ கரையில் ஹியூரான், வெர்மிலியன், லொரெய்ன் ஊர்கள் பக்கம் அப்போது நெருக்கமாகக் கிடைக்கும். வடகரையிலும் இதே சாமான்தான். ஸ்பூனை எடுத்துவைத்துவிட்டு நீளமான கிராங்க்பெயிட் (இழுத்தால் ஆழம் போகும் பொய் மீன்) கட்டுங்கள்: ரீஃப் ரன்னர் 800, பேண்டிட் வாலாய் டீப், பர்ஃபெக்ட் 10. தண்ணீர் 10 டிகிரிக்குக் கீழே போனால் வேகம் 1.2 - 1.6. அதற்கும் குளிர்ந்தால் 1.0.

கிராங்க்பெயிட் எவ்வளவு ஆழம் போகும் என்பது நரம்பின் தடிமனைப் பொறுத்தது. ஆழ அட்டவணைகளில் பல 10 பவுண்ட் மோனோவுக்கு (ஒற்றை இழை நரம்பு) போட்டவை. 20 பவுண்ட் கட்டிவிட்டு அட்டவணையை நம்பினால் பல அடி மேலேயே ஓடும். உங்கள் தடி, உங்கள் நரம்பில் சரிபார்க்க ஒரு வழி: 20 அடி ஆழத்தில் சமதரைமேல் ஓட்டிக்கொண்டே நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். லூர் தரையைத் தட்டித் தடி நுனி துடிக்கத் தொடங்கும்போது கவுண்டர் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 25 அடியில் மறுபடி ஒருமுறை. இந்த இரண்டு எண் போதும், மீதியை ஊகிக்கலாம். முடிந்ததும் கடைசி மூன்றடி நரம்பைத் தடவிப் பாருங்கள், ஈரியின் தரையில் சிப்பி ஒட்டாத பாறை கிடையாது. சொரசொரப்பு இருந்தால் வெட்டிப் புதிதாகக் கட்டுங்கள்.

இன்னொன்று, பெட்டியிலிருந்து எடுத்த கிராங்க்பெயிட் எல்லாம் நேராக ஓடாது. வெளியே விடுவதற்கு முன் படகுக்குப் பக்கத்தில் இழுத்துப் பாருங்கள். வலப்பக்கம் சாய்ந்தால் மூக்கு வளையத்தை இடுக்கியால் மயிரிழை இடப்பக்கம் வளையுங்கள். சாய்ந்து ஓடும் லூர் ஆழமும் போகாது, பக்கத்து நரம்போடும் சிக்கும். கட்டுவதற்கு வட்டமூக்கு ஸ்னாப் (கொக்கி) மட்டும், ஸ்விவல் (சுழலும் இணைப்பு) வேண்டாம். அது ஆட்டத்தைக் கெடுக்கும்.

நவம்பரில் இருட்டியதும் மீன் மேலே வரும். 40 அடித் தண்ணீரில் 10 - 15 அடியிலேயே கிடைக்கும், கரைக் கல்தடுப்பிலிருந்து ஹஸ்கி ஜெர்க் என்ற பொய் மீனை வீசினாலும் மாட்டும். பகலில் 30 அடியில் ஓட்டியவர் இரவிலும் அதே ஆழத்தில் ஓட்டிவிட்டு மீன் இல்லை என்று திரும்புவது வழக்கமாக நடக்கிறது.

ஏரி நடுவிலுள்ள கனடா-அமெரிக்க எல்லைக்கோட்டைத் தாண்டி வந்தால் ஒஹாயோ லைசென்ஸ் வேண்டும். இங்கே குறைந்தபட்ச நீளம் 15 அங்குலம். நாளொன்றுக்கு எத்தனை என்பது ஆண்டுதோறும் மறுபரிசீலனைக்கு வரும், கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்டாரியோ பக்கம் 19ஆம் மண்டல விதிகளும் அதன் விலக்குகளும் தனி.

---

புழுப்பெட்டி:

ஹார்னஸ் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. மே, ஜூனில் அதுதான் மீன் தரும், கடையில் வாங்குகிற ஹார்னஸில் பாதி உடனே திருத்தவேண்டியது.

லீடர் 17 இறாத்தல் ஃப்ளூரோகார்பன், 5 அடி. முள் இரண்டு, 4ஆம் எண் அல்லது 2ஆம் எண், 4 - 5 அங்குல இடைவெளி. கடை ஹார்னஸில் இடைவெளி குறைவு, பெரிய புழு குவிந்துவிடும். முன்முள்ளுக்கு மேலே ஐந்தாறு மணி, அதற்கு மேலே கிளவிஸில் (பிளேடைத் தாங்குகிற சின்ன வளையம்) 5ஆம் எண் கொலராடோ பிளேடு. மணி குறைந்தால் பிளேடு முள்ளில் தட்டி நின்றுவிடும். முன்முள்ளைப் புழுவின் தலைநுனியில் மட்டும் கொளுவவேணும். பிறகு புழுவைத் தொங்கவிட்டு, அது நீண்டு நிற்கிற இடத்துக்குச் சற்று முன்னால் பின்முள்ளை ஏற்றவேணும், நடுவில் தங்கூசி கொஞ்சம் தளர்ந்து கிடக்கட்டும். புழு இறுகியிருந்தால் உடையும், வளைந்திருந்தால் முழு ஹார்னஸும் சுழன்று லீடர் முறுக்கேறும். விடும்போது போட்டின் பக்கத்தில் பாருங்கோ: பிளேடு சுழலவேணும், புழு நேராக வரவேணும்.

பொட்டம் பவுன்சர் பாரம் 10 அடி ஆழத்துக்கு ஓர் அவுன்ஸ். லைன் 45 பாகையில் சாய்ந்து நிற்கவேணும். பின்னால் தூரமாகப் போய்க் கிடந்தால் கம்பி படுத்துவிடும், ஹார்னஸ் சிப்பியில் இழுபடும். அப்போது லைனை விடாமல் பாரத்தைக் கூட்டுங்கோ.

கடைசியாக, ஓகஸ்டில் 45 அடியிலிருந்து ஏற்றின பிக்கரலைத் திருப்பி விட்டால் பிழைக்கிறது அருமை. இந்த மீனால் காற்றுப்பையில் இருக்கிற காற்றைச் சட்டென்று வெளியே விட ஏலாது. 24 பாகை மேல்தண்ணிக்கு வந்ததும் வயிறு ஊதி மிதக்கும், கடற்பறவைதான் தூக்கும். ஆகவே கணக்கு நிரம்பினதும் லைன்களை எடுத்துவிடுங்கோ. இன்னும் பெரிதாக வரட்டும் என்று பிடித்து விட்டுக்கொண்டு நிற்பது இந்தப் பருவத்தில் மீனைக் கொல்கிற வேலை. வைத்திருக்கிற மீனுக்கு லைவ்வெல் (உயிரோடு வைக்கிற தண்ணித் தொட்டி) வேண்டாம். கூலரில் இரண்டு பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு ஏரித்தண்ணி ஊற்றி, செவுளை வெட்டி இரத்தம் வடியவிட்டு உடனே அதற்குள் போடுங்கோ. சதை வெள்ளையாக, இறுக்கமாக இருக்கும். துண்டு போட்டால் என்ன மீன் என்று அடையாளம் தெரிகிற அளவுக்குத் தோலை ஒவ்வொரு துண்டிலும் விடவேணும், வழியில் அதிகாரி கேட்பார்.

---

எரியோ_போட்:

அண்ணைமார் எல்லோருக்கும் நன்றி. ஒன்று மட்டும்: ஜனவரியில் ஐஸ் மேல் போறது பற்றி யாராவது?

---

சாண்டஸ்கி_விரிகுடா:

மேற்குத் தொட்டியில் சவுத் பாஸ் தீவு, கட்டாபா பக்கம் ஐஸ் பிடித்த வருடங்களில் ஜிக்கிங் ராப், ஸ்வீடிஷ் பிம்பிள் என்ற லூர் இரண்டும் போதும், முள்ளில் எமரால்ட் ஷைனர் தலை ஒன்று. ஆனால் ஈரியின் ஐஸ் சின்ன ஏரி ஐஸ் மாதிரி இல்லை. தடிமன் ஒரு அடி இருந்தாலும், தெற்குக் காற்று அடித்தால் முழுத் தகடும் விரிசல் விட்டுக் கரையிலிருந்து விலகிப் போய்விடும். 2009 பிப்ரவரியில் ஒஹாயோ கரையில் அப்படி விலகியதில் நூற்றுக்கு மேற்பட்டவர்களை மீட்க வேண்டிவந்தது, ஒருவர் இறந்தார். முன்னறிவிப்பில் கரையிலிருந்து ஏரிப்பக்கம் வீசும் காற்று இருந்தால் அன்றைக்குப் போகவே கூடாது. போகிற நாளில் மிதக்கும் உடை, கழுத்தில் ஐஸ் ஊசி (தண்ணீரில் விழுந்தால் ஐஸில் குத்தி ஏற), உள்ளூர் வழிகாட்டி மூன்றும் கட்டாயம்.